மைனஸ் மதிப்புகளை நீக்காதீர்கள்
சென்டினல்-5பி செயற்கைக்கோளின் தரவில் வங்கக் கடல்மேல் நைட்ரஜன் டை ஆக்சைடு பல இடங்களில் மைனஸில் வருகிறது, அவற்றைத் தூக்கியதும் நவம்பர் சராசரி ஏறிவிட்டது என்று கேட்டிருக்கிறீர்கள். கோப்பில் பிழை இல்லை. தயவுசெய்து அந்த எண்களைத் திரும்பச் சேர்த்துவிடுங்கள்.

அந்தச் செயற்கைக்கோளில் உள்ள ட்ரோபோமி கருவி வாயுவை நேரடியாக அளப்பதில்லை. பூமியிலிருந்து சிதறி வரும் சூரிய ஒளியில், 405 முதல் 465 நானோமீட்டர் வரை எவ்வளவு உறிஞ்சப்பட்டிருக்கிறது என்று பார்த்து, ஒளி வந்த வழியில் இருந்த மொத்த அளவைக் கணிக்கிறார்கள். அதில் ஸ்ட்ராடோஸ்பியரின் (மேல் வளிமண்டல அடுக்கின்) பங்கைக் கழித்தால் கீழே உள்ளது கிடைக்கும். நடுக்கடலில் அது மிகக் கொஞ்சம். பெரிய எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழித்து மிஞ்சும் சின்ன எண் என்பதால், அளவீட்டில் வரும் தற்செயல் ஏற்ற இறக்கம் (இரைச்சல்) அதைப் பூஜ்யத்துக்கு மேலும் கீழும் தள்ளும். கீழே விழுந்ததை மட்டும் வெட்டினால் சராசரி ஏறத்தானே செய்யும்? பூஜ்யமாக மாற்றினாலும் அதே கோளாறுதான்.

வடிகட்ட வேண்டியது ஒவ்வொரு பிக்சலோடும் கோப்பில் வரும் தர மதிப்பை (qa_value) வைத்து. 0.75-க்கு மேல் உள்ளதை மட்டும் எடுங்கள், மேகம் மூடிய பிக்சல்கள் பெரும்பாலும் அதிலேயே போய்விடும். அப்புறம் வரைபடத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் (grid cell) எத்தனை நாள் தரவு தேறியது என்று கட்டாயம் எண்ணிப் பாருங்கள். நவம்பர் வடகிழக்குப் பருவமழைக் காலம், மேகம் அதிகம். இரண்டு மூன்று நாள்தான் மிஞ்சியிருந்தால் அதை மாதச் சராசரி என்று ஆய்வேட்டில் போட வேண்டாம்.

2018 தரவோடு ஒப்பிடுவதாக இருந்தால் இன்னொன்று: 2019 ஆகஸ்டில் பிக்சல் நீளம் 7 கிலோமீட்டரிலிருந்து 5.5 ஆகக் குறைந்தது. இரண்டையும் ஒரே கட்ட அளவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.