இரவில் விழும் அம்மா, கனடாவில் அண்ணன்மார்

தங்கச்சி, கொழும்பு வெள்ளவத்தை பிளாட்டில் 81 வயது அம்மா இரவில் டொய்லெட்டுக்கு எழும்பும்போது விழுகிறார், ஆள் வைக்க விடுகிறாரில்லை, அண்ணன்மார் கனடாவிலிருந்து போனில் புத்தி மட்டும் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள்.

முதலில் அந்த விழுகையைப் பாருங்கள். பிரஷர் குளிசை, நித்திரைக் குளிசை எடுப்பவர்கள் படுக்கையிலிருந்து சட்டென்று எழும்பினால் பிரஷர் இறங்கித் தலை சுற்றலாம். இருக்கிற குளிசை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் டொக்டரிடம் காட்டி, படுத்திருக்கும்போதும் எழும்பி நின்ற பிறகும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். இரவில் கட்டிலடியில் கொமோட் கதிரை, வழியில் சின்ன லைட். கால்மிதியைத் தூக்கி எறியுங்கள் (எங்கள் வீட்டில் சண்டையே அதற்காகத்தான்). தலை அடிபட்டால், அதிலும் இரத்தம் உறையாமலிருக்கக் குளிசை எடுப்பவரென்றால், பார்க்க நல்லாயிருக்கிறார் என்று விடாமல் 1990க்கு போன் அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

"உங்களைப் பார்க்க ஆள்" என்றால் எந்த அம்மாதான் சம்மதிப்பார்? சமையலுக்கு என்று சொல்லி அரை நாளில் தொடங்குங்கள்.

அண்ணன்மாரிடம் காசு கேட்க என்ன வெட்கம்? 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டம் பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்கிறது, மகளின் கடமை என்றல்ல. ஆள் சம்பளம், மருந்து, பம்பர்ஸ் எல்லாம் எழுதி, பங்கு பிரித்து வாட்ஸ்அப்பில் போடுங்கள். வருசத்தில் ஒரு மாதம் யாராவது வந்து நிற்கட்டும், டிக்கெட் விலையைச் சொன்னால் சமாதானமாகாதீர்கள்.