எழுபது வயதுக்கு மேல், விழுந்து அடிபட்டு வலிக்கிற கழுத்துக்குத் தண்டுவட அறுவை சிகிச்சை செய்துகொண்டால் மீள முடியுமா?

முடியும். எழுபதைத் தாண்டிச் செய்துகொண்டவன் சொல்கிறேன். ஆனால் மீட்சி நாம் கேட்கிற வரிசையில் வராது.

குளியலறையில் வழுக்கி முன்பக்கமாக விழுந்தேன். மோவாய் தொட்டியின் விளிம்பில் மோதி, தலை பின்னால் மடங்கியது. எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை என்றதும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. எனக்கோ இரண்டு கைகளும் எரிந்தன, தம்ளர் விரல்களில் நிற்கவில்லை. கால்கள் மட்டும் தள்ளாடியபடி நடந்தன. எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகுதான் தண்டுவடம் நசுங்கியிருப்பது தெரிந்தது.

வயது ஏற ஏற, கழுத்தெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க் பிதுங்குகிறது, எலும்பின் ஓரங்களில் முள்போல் வளர்கிறது, தண்டுவடம் போகும் பாதை குறுகுகிறது. அந்த நெருக்கடியில் தலை ஒருமுறை வெடுக்கென்று பின்னால் சாய்ந்தாலே போதும்; எலும்பு முறியாமலேயே தண்டுவடத்தின் நடுப்பகுதி அடிபட்டுவிடும். கால்களைவிடக் கைகள் அதிகம் தளர்வது இதன் அடையாளம். ஷ்னைடர் என்ற அறுவை சிகிச்சை நிபுணரும் சகாக்களும் 1954-லேயே இதை விவரித்திருக்கிறார்கள்.

அறுவை சிகிச்சை, அடிபட்ட நரம்பைத் தைத்துத் தருவதில்லை. அழுத்தத்தை நீக்கி, மேலும் கெடாமல் தடுக்கிறது. மிச்சம் உடம்பின் வேலை. இதைப் பூசி மெழுகாமல் சொன்ன மருத்துவரை அன்று எனக்குப் பிடிக்கவில்லை. இன்று பிடிக்கிறது.

எனக்குக் கழுத்தின் முன்புறமாகச் செய்தார்கள். மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் ஒருபக்கம் ஒதுக்கி, இரண்டு டிஸ்க்குகளை அகற்றி, இடையில் ஆதாரம் வைத்து, டைட்டானியம் தகட்டைத் திருகி முடுக்கி எலும்புகளை ஒன்றாக இணைத்தார்கள். குழாய்களை ஒதுக்கியதன் பலனாகச் சில வாரங்கள் தண்ணீர் விழுங்குவதே பெரும்பாடு, குரலும் கம்மிப்போனது. இது பெரும்பாலும் தானாகத் தணிந்துவிடும். ஆனால் மூச்சுத் திணறினாலோ கழுத்து வீங்கினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

அறுவை சிகிச்சை முடிந்த முதல் சில இரவுகளில் மனக்குழப்பம் வரலாம் என்பதை வீட்டாரிடம் முன்பே சொல்லிவையுங்கள். வயதானவர்களுக்கு மயக்க மருந்துக்குப் பிறகு இது சகஜம். ரயில் எப்போது கிளம்பும் என்று மகனை நச்சரித்தேனாம்! மூக்குக் கண்ணாடியையும் காது கருவியையும் சீக்கிரம் மாட்டிவிடுவது உதவும்.

இந்த வகை அடியில் பொதுவாகக் கால்கள் முதலில் தேறும், பிறகு சிறுநீர்க் கட்டுப்பாடு, பிறகு கைகள், கடைசியில்தான் விரல்கள். ஆகவே நடக்க ஆரம்பித்ததும் எல்லோரும் வாழ்த்துவார்கள். நீங்களோ சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பீர்கள். பொத்தான் விரல்நுனியில் இருக்கிறதா நழுவிவிட்டதா என்பதுகூடக் கண்ணால் பார்த்தால்தான் தெரியும். பிசியோதெரபியில் களிமண் பிசைவது, நாணயம் பொறுக்குவது, துணிக் கவ்வியை அழுத்தித் திறப்பது என்று குழந்தை விளையாட்டுகளாகத் தருவார்கள். அலுப்பாகத்தான் இருக்கும், விட்டுவிடாதீர்கள். நல்ல கையை 10 விநாடிக்குள் 20 முறை மூடித் திறக்கலாம் என்பது ஒரு கணக்கு. எனக்கு அது இன்னும் எட்டவில்லை. ஆனால் கையெழுத்துப் போடுகிறேன், சோற்றை நானே பிசைந்து உண்கிறேன்.

கழுத்தே திரும்பாமல் போய்விடுமோ என்ற பயம் வேண்டாம். தலையைத் திருப்பும் அசைவில் ஏறக்குறைய பாதி, மேலே உள்ள முதலிரண்டு எலும்புகளுக்கு இடையில்தான் நடக்கிறது. கீழே ஓரிரு இடங்களை இணைத்தால் இழப்பு கொஞ்சம்தான். அந்த இணைப்பு கெட்டிப்படப் பல மாதங்கள் ஆகும். புகைப்பழக்கம் அதைக் கெடுக்கும், எலும்பு அடர்த்தி குறைந்திருப்பது திருகுகளின் பிடியைத் தளர்த்தும். என்னைக் கேட்டால், பிறந்த தேதியைவிட எலும்பு அடர்த்தியையும் சர்க்கரை அளவையும் பற்றித்தான் மருத்துவரிடம் அதிகம் பேச வேண்டும்.

நீங்கள் வலியைப் பற்றி மட்டும் எழுதியிருக்கிறீர்கள். வெறும் கழுத்து வலிக்காக இதற்கு அவசரப்பட வேண்டியதில்லை. தண்டுவடம் அழுந்தியிருக்கிறதா என்று கேளுங்கள். கையெழுத்து மாறுகிறதா, நடக்கும்போது தடுமாறுகிறதா, சிறுநீரை அடக்க முடியவில்லையா என்று கவனித்துச் சொல்லுங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் நாள் தள்ளாதீர்கள். அதுவரை கழுத்தைப் பிடித்துவிடவோ நெட்டி முறிக்கவோ யாரையும் அனுமதிக்காதீர்கள்.