டென்ஷன் உடம்பை என்ன செய்யும்? உங்கள் கேள்விகள், என் பதில்கள்

மனசு கெட்டால் உடம்பு என்ன ஆகும் என்று கேளுங்கள் என்றேன், குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்திருக்கிறேன். நான் பொது மருத்துவர், மனநல மருத்துவர் இல்லை. மருந்து எழுதித் தரவும் மாட்டேன்.

திருப்பூர், 41 வயது: பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர், டாக்டர். ஷிப்மென்ட் நெருங்கினாலே வயிறு எரிகிறது, தலைவலி வேறு. டென்ஷன் அல்சர் என்கிறார்கள். வேலையை விட்டால் சரியாகுமா?

வேலையை விடுவதற்கு முன்னால் வயிற்றைக் காட்டுங்கள் சார். அல்சர் என்றாலே டென்ஷனும் காரமும்தான் என்று டாக்டர்களே நம்பிய காலம் ஒன்று இருந்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியைக் காட்டி இதுதான் காரணம் என்றபோது பெரிதாக யாரும் கேட்கவில்லை. 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியை வளர்த்து, தானே குடித்துவிட்டார்! சில நாளில் குமட்டல், வாந்தி. எண்டோஸ்கோபியில் இரைப்பை வெந்துபோய்த் தெரிந்தது. 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு.

ஆக, அல்சருக்கு முக்கியக் காரணங்கள் இந்தக் கிருமியும் வலி மாத்திரையும்தான். உங்கள் கதையில் எனக்கு உறுத்துவது அந்தத் தலைவலி. மெடிக்கலில் வாங்கிய வலி மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டு, மேலே இரண்டு டீயைக் குடித்துவிட்டு மதியச் சாப்பாட்டை நாலு மணிக்குத் தள்ளுகிறீர்களா என்று யோசியுங்கள். டென்ஷன் சும்மா இருக்காது, எரிச்சலைக் கூட்டும், புண் ஆறுவதை இழுத்தடிக்கும். ஆனால் கிருமி இருந்தால் ஆன்டிபயாடிக் கோர்ஸை முழுசாக முடித்தால்தான் போகும், தியானத்துக்கெல்லாம் அது பயப்படாது. மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

கல்லூரி மாணவி: ஒவ்வொரு செமஸ்டர் பரீட்சைக்கும் சளி, வாய்ப்புண். படிக்காமல் இருக்க நடிக்கிறேன் என்கிறார் அம்மா.

இதை அம்மாவிடம் காட்டும்மா. 1991-ல் ஷெல்டன் கோஹன் குழு இங்கிலாந்தில் நடத்திய ஆய்வு ஒன்று வெளியானது. ஆரோக்கியமான ஏறக்குறைய 400 பேரிடம் அவர்களுடைய மன அழுத்தத்தைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, மூக்கில் சளி வைரஸைச் சொட்டுகளாக விட்டுத் தனியாக வைத்துக் கவனித்தார்கள். அழுத்தம் ஏற ஏறச் சளி பிடித்தவர்களும் அதிகம்.

அதைவிட எனக்குப் பிடித்தது அமெரிக்காவின் ஓஹாயோவில் பல் மருத்துவ மாணவர்களிடம் செய்தது, 1998-ல் வெளிவந்தது. மேலண்ணத்தில் 3.5 மில்லிமீட்டர் அளவில் சின்னக் காயம் போட்டு (சம்மதத்தோடுதான்!) தினமும் பார்த்தார்கள். கோடை விடுமுறையில் ஒரு காயம், பரீட்சைக்கு மூன்று நாள் முன்பு மறுபக்கம் ஒன்று. அதே ஆள், அதே வாய். பரீட்சை நேரத்துக் காயம் ஆற சுமார் 40 சதவீதம் கூடுதல் நாள் ஆனது, ஒருவருக்குக்கூட விடுமுறையில் ஆறிய வேகத்தில் ஆறவில்லை. 11 பேர்தான், சின்ன ஆய்வு, ஆனாலும் எல்லோருக்கும் ஒரே திசை. காயத்துக்கு எதிர்ப்பு அணுக்களைக் கூப்பிடும் ரசாயன சமிக்ஞைகளை, டென்ஷனில் சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோன் அமுக்கிவிடுகிறது. அதனால் நீ நடிக்கவில்லை. ஆனால் விடிய விடியப் படித்தால் இன்னும் மோசமாகும், தூங்கு.

மதுரை: அப்பா ஐ.சி.யூ.வில் இருந்தபோது அம்மாவுக்கு சுகர் 320 போய்விட்டது. கவலையில் ஏறுமா டாக்டர்?

ஏறும். பயந்தால் அட்ரினலினும் கார்டிசாலும் கல்லீரலிடம் சர்க்கரையை வெளியே விடச் சொல்லும், ஓடித் தப்பிப்பதற்காக. அம்மா எங்கே ஓடினார், வராண்டா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், அதனால் சர்க்கரை ரத்தத்திலேயே நின்றுவிட்டது. ஆனால் எல்லாப் பழியையும் கவலை மேல் போடாதீர்கள். அந்த நாட்களில் மாத்திரையை நேரத்துக்குப் போட்டாரா, கேண்டீனில் என்ன சாப்பிட்டார்? எச்.பி.ஏ.1.சி. என்ற ரத்தப் பரிசோதனை எடுத்தால் கடந்த மூன்று மாதக் கணக்கு தெரியும். அது கூடுதலாக இருந்தால் சுகர் முன்பிருந்தே கையை மீறிப் போயிருக்கிறது என்று அர்த்தம்.

நெல்லை, பெண்: முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது, இப்போது எந்தக் கவலையும் இல்லையே?

இப்போது இல்லை, இரண்டு மூன்று மாதம் முன்னால்? பெரிய அதிர்ச்சி, கடும் காய்ச்சல், பிரசவம் எதுவானாலும் முடி தாமதமாகத்தான் கொட்டும். பெரும்பாலும் தானே முளைத்துவிடும். தைராய்டும் ரத்தசோகையும் பார்த்துவிடுங்கள், எண்ணெய்க்குக் காசைக் கொட்ட வேண்டாம்.

பெயர் வேண்டாம்: மனைவிக்கு மார்பகப் புற்றுநோய். நான் குடித்துவிட்டுச் சண்டை போட்ட மனவேதனையில்தான் வந்தது என்கிறார் மாமியார். உண்மையா?

மன வேதனை மார்பகப் புற்றுநோயை உண்டாக்குகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. வயது, மரபணு, ஹார்மோன், உடல் எடை இவற்றுக்கெல்லாம் பங்கு உண்டு. கட்டியும் பெரும்பாலும் கண்ணில் படுவதற்குப் பல வருடம் முன்பே ஆரம்பித்திருக்கும். எனவே நோயை நீங்கள் கொடுக்கவில்லை. குடித்துச் சண்டை போட்டது வேறு கணக்கு, அதற்கு மன்னிப்பு கேட்க வேண்டியது மனைவியிடம்தான். குடியை விட உதவி கேளுங்கள், கீமோவுக்கு அவரோடு கூடவே போங்கள். மனைவியிடம் யாராவது ‘மனசை சந்தோஷமாக வைத்துக்கொள், நோய் ஓடிவிடும்’ என்று பாடம் எடுத்தால் அதையும் நிறுத்துங்கள், நோயாளி தலையில் ஏற்றும் இன்னொரு சுமை அது.

கோவை: மாமா இறந்த மறுநாள் அக்காவுக்கு நெஞ்சுவலி. ஆஞ்சியோவில் அடைப்பே இல்லையாம். சொந்தக்காரர்கள் ‘சும்மா பயம்’ என்கிறார்கள்.

சும்மா இல்லை. டாகோட்சுபோ என்று ஒரு இதயக் கோளாறு உண்டு, 1990-ல் ஜப்பானில் முதலில் விவரித்தார்கள். பேரிழப்பின்போது அட்ரினலின் வகை ஹார்மோன்கள் பொங்கி, இதயத்தின் இடது கீழறை பலம் இழந்து, ஆக்டோபஸ் பிடிக்கும் பானை போல உப்பிவிடும். ரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி. இரண்டும் மாரடைப்பு போலவே காட்டும். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு அதிகம். பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுவார்கள், ஆனால் ஆரம்ப நாட்கள் ஆபத்தானவை. அக்காவுக்கு இதுதானா என்று எக்கோ பார்த்த டாக்டரிடம் நேராகவே கேளுங்கள். மற்றவர்களுக்கும் சொல்கிறேன், நெஞ்சுவலியை வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு ‘டென்ஷன் வலி’ என்று யாரும் தீர்ப்பு எழுதக் கூடாது.

தஞ்சாவூர்: கிளினிக்கில் பி.பி. 160, வீட்டில் 126. எது சரி?

டாக்டரைப் பார்த்தால் ஏறுகிறவர்கள் நிறைய. ஒரு வாரம் வீட்டில் காலை, மாலை உட்கார்ந்து ஐந்து நிமிடம் கழித்து எடுத்து, எழுதிக் கொண்டுபோய்க் காட்டுங்கள். மெஷினையும் கொண்டுபோங்கள்.

சென்னை, ஐ.டி.: எல்லா டெஸ்ட்டும் நார்மல், ஆனால் மீட்டிங் என்றால் பாத்ரூமுக்கு ஓடுகிறேன். ‘மனசுதான்’ என்று அனுப்பிவிட்டார்கள். தூக்கமும் இல்லை, அக்கா தன்னுடைய தூக்க மாத்திரையைத் தந்திருக்கிறார்.

நார்மல் என்றால் புண்ணும் கட்டியும் இல்லை என்றுதான் அர்த்தம், தொந்தரவு பொய் என்று அர்த்தம் இல்லை. குடலுக்கும் மூளைக்கும் நரம்புத் தொடர்பு பலமானது, ஐ.பி.எஸ். என்ற குடல் கோளாறில் அந்தப் போக்குவரத்துதான் கெட்டிருக்கும், அதற்கு உணவு மாற்றம், மருந்து, மனநல சிகிச்சை எல்லாம் உண்டு. ரத்தம் போனால், எடை குறைந்தால், இரவில் தூக்கத்தைக் கலைத்து வயிறு போனால் திரும்பப் போய்க் காட்டுங்கள். மனசு விட்டுப் பேச ஆள் இல்லை என்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். அக்காவின் மாத்திரையை அக்காவிடமே கொடுத்துவிடுங்கள்.