பொடி வேண்டாம், செல்வி

சார், வணக்கம். வெள்ளையணுக்கள் ரசாயனத்தால் பேசிக்கொள்ளும் என்று பெரியவன் பள்ளியில் கேட்டுவிட்டு வந்திருக்கிறான். வாயில்லாத அணு எப்படிப் பேசும் என்று என்னைக் குடைகிறான். சின்னவனுக்கு மூன்று வயது, மாதாமாதம் சளி. எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் பொடி கொடுக்கலாமா?
செல்வி, வேலந்தாவளம்

அன்புள்ள செல்வி,

ஓர் உயிரணு, அதாவது செல், சின்னப் புரதம் ஒன்றை வெளியே விடும். அதைப் பூட்டுக்குச் சாவி போல வாங்கிக்கொள்ளும் ஏற்பி எந்த அணுவின் மேல் இருக்கிறதோ, அதற்குச் செய்தி போய்ச்சேரும். இப்புரதங்களைச் சைட்டோகைன் என்கிறோம். 1957இல் லண்டனில் ஐசக்ஸ், லிண்டன்மேன் என்ற விஞ்ஞானிகள் கண்டுபிடித்த இன்டர்ஃபெரான் இந்த வகைதான். வைரஸ் புகுந்த செல், தான் சாவதற்குள் அக்கம்பக்கத்துச் செல்களை இதனால் உஷார்படுத்திவிடும். பெரியவனிடம் சொல்லுங்கள், பிடிக்கும்.

அந்தப் பொடி விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். கூட்டினால் நல்லது என்று உங்களுக்கு யார் சொன்னது? 2020 கொரோனா சமயத்தில் கேரள எல்லையைத் தாண்ட வாளையாறு செக்போஸ்ட்டில் பாஸுக்கு நின்றபோதும் நம் ஆட்கள் கையில் கஷாய பாட்டில் இருந்தது. ஆனால் கொரோனா முற்றிப் படுத்தவர்களில் பலருக்கு நுரையீரலைக் கெடுத்தது, அடங்காமல் போன எதிர்ப்புதான். ஆக்ஸிஜன் தேவைப்பட்டவர்களில் பலரைக் காப்பாற்றிய டெக்ஸாமெத்தசோன், எதிர்ப்பை அடக்கும் ஸ்டீராய்டு. அடக்கும் மருந்து, செல்வி!

பொள்ளாச்சியில் என் அத்தைக்கு 2006இல் சிக்குன்குனியா. காய்ச்சல் போய்விட்டது, விரல்கள் மட்டும் மடங்கவில்லை. காலையில் காப்பி டம்ளரை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே இடுக்கித்தான் தூக்குவார். சிந்தினால் என்னைத்தான் திட்டுவார். பார்க்க வந்தவர்களெல்லாம் 'உடம்பில் எதிர்ப்பே இல்லை' என்று ஆளுக்கொரு லேகியம் வைத்துவிட்டுப் போனார்கள். ரத்தத்தில் அந்த வைரஸ் பெரும்பாலும் ஒரு வாரத்தில் அடங்கிவிடும். வலி மாதக்கணக்கில் நீள்கிறவர்களிடம் இன்டர்லூக்கின்-6 கூடியிருப்பதை ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். அது வீக்கத்தைக் கிளப்பும் சைட்டோகைன். போதும், அடங்கு என்று சொல்லவும் உடம்பில் ஆள் உண்டு: இன்டர்லூக்கின்-10. அத்தை வீட்டு அலமாரியில் இருந்த எந்த லேகியத்துக்கும் இதில் எது எதென்று தெரியாது. உங்கள் பொடிக்கு மட்டும் தெரியுமா?

சரி, சின்னவன். அந்த வயதில் வருடத்துக்கு ஆறேழு சளி சாதாரணம், அப்புறம் தானாகக் குறையும். மூச்சு இழுத்தாலோ சாப்பாட்டை ஒதுக்கினாலோ டாக்டரிடம் காட்டுங்கள். தடுப்பூசி அட்டையில் ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். பொடிக்கு வைத்திருக்கும் காசில் நேந்திரம்பழம் வாங்குங்கள், பெரியவனுக்கும் சேர்த்து.