மாறும் ஒளியும் இலையின் நினைவும்: ஒளிச்சேர்க்கை மாதிரிகள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: ஃபார்குவார், கெம்மரர், பெரி மூவரும் 1980இல் தந்த சமன்பாடுகளைக் கொண்டே, மேகம் மூடி விலகும் ஒரு நாளின் ஒளிச்சேர்க்கையைக் கணக்கிட முடியாதா?

பதில்: கணக்கிடலாம், ஆனால் விடை மிகையாக வரும். கார்பன் டைஆக்சைடைப் பிணைக்கும் ரூபிஸ்கோ நொதியின் திறன், எலக்ட்ரான் ஓட்டத்தின் வேகம் ஆகியவற்றுள் எது குறைவோ அதுவே கார்பன் ஏற்பைக் கட்டுப்படுத்தும் என்று கொள்ளும் அச்சமன்பாடுகள், இலை ஒரே ஒளியில் நின்று நிலைபெற்றுவிட்டதாக எடுத்துக்கொள்கின்றன. நிழலிலிருந்து வெயிலுக்கு வரும் இலையிலோ ரூபிஸ்கோ முழுச் செயல்திறன் பெறச் சில நிமிடங்களும், இலைத்துளைகள் திறக்கப் பெரும்பாலும் அதைவிட நீண்ட நேரமும் ஆகின்றன.

வெயிலிலிருந்து நிழலுக்குத் திரும்பும் பாதைதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வெயில் ஏறும்போது, பசுங்கணிகத்தில் ஒளியைப் பிடிக்கும் சவ்வுப் பையான தைலகாய்டின் உள்ளே புரோட்டான்கள் குவிந்து அமிலத்தன்மை கூட, அதை உணரும் பிஎஸ்பிஎஸ் புரதம் மிகை ஆற்றலை வெப்பமாக வெளியேற்றும் வழியை விரைவாகத் திறக்கிறது. வயலாசாந்தின் என்னும் நிறமி சியாசாந்தின் என்னும் நிறமியாக மாறி அவ்வழியை வலுப்படுத்துகிறது. நிழல் வந்ததும் அமிலத்தன்மை விரைவில் தணிந்தாலும் சியாசாந்தின் பல நிமிடங்கள், சில வேளை அதற்கும் மேலாக, தங்கிவிடுவதால், இலையின் இப்போதைய நிலை சற்று முன் பட்ட ஒளியையும் சார்ந்திருக்கிறது. இந்த நினைவைச் சுமக்கும் மாறி ஒன்றேனும் உங்கள் வகைக்கெழுச் சமன்பாடுகளில் இருந்தாக வேண்டும்.

கேள்வி: மணிக்கணக்கு ஒளியின் சராசரியை இட்டால் போதாதா?

பதில்: போதாது. ஒளி கூடக்கூட ஒளிச்சேர்க்கையின் வளைகோடு தட்டையாவதால், ஒரு நிமிடம் 2000, மறுநிமிடம் 100 மைக்ரோமோல் (சதுர மீட்டருக்கு நொடிக்கு விழும் ஒளித்துகள்களின் அளவு) என மாறும் ஒளி, நிலையான 1050 தரும் பயனைத் தராது.

கேள்வி: ஐந்து நிமிடச் சராசரி?

பதில்: மேலே சொன்னதே பதில். காற்றில் அசையும் மேலிலைகளின் நிழல் நொடிகளில் மாறுகிறது, சராசரி எடுக்காதீர்கள்.

கேள்வி: வீட்டுத் தொட்டிச் செடிக்கு எந்த விளக்கு நல்லது?

பதில்: இது தோட்டக்கலை வல்லுநரிடம் கேட்க வேண்டியது.

கேள்வி: வெப்ப வெளியேற்றம் விரைவில் அடங்கும்படி மூன்று மரபணுக்களைக் கூட்டிய புகையிலை 2016இல் ஏறத்தாழ 15 சதவீதம் கூடுதல் எடை தந்தது. அதே மாற்றம் பெற்ற அராபிடாப்சிஸ் என்னும் சிறு ஆய்வுச் செடி 2020இல் வளர்ச்சி குன்றியது. அப்படியானால் மாதிரியே தவறல்லவா?

பதில்: இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். மாதிரி சொன்னது, வெப்ப வழி மெதுவாக மூடுவதால் நிழலில் ஏற்படும் இழப்பை மட்டுமே. சேமித்த கார்பனைச் செடி வளர்ச்சியாக மாற்றுமா, விரைவில் தளரும் பாதுகாப்பால் வெயிலில் சேதம் கூடுமா என்பவை அதன் சமன்பாடுகளுக்கு வெளியே நிற்பவை. இதே மாற்றத்தைச் சோயாவில் செய்து 2022இல் வெளியான ஆய்வில் ஓர் ஆண்டில் விளைச்சல் சராசரியாக 24.5 சதவீதம் கூடியது. மறு ஆண்டில் பயிர் சாய்ந்துவிட, குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை.

கேள்வி: சாய்வைச் சாக்காகச் சொல்லித் தப்பிக்கிறீர்களே!

பதில்: சாய்ந்த பயிரின் தண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து நிழல் அமைப்பே மாறிவிடுகிறது, மாதிரி எடுத்துக்கொண்ட விதானம், அதாவது இலைகளின் அடுக்கமைப்பு, அந்த வயலில் இல்லை. ஆகவே அவ்வாண்டின் முடிவு மாதிரியை மறுக்கவுமில்லை, மெய்ப்பிக்கவுமில்லை. சாயாத பயிரில், பல பருவங்களில், ஒளியை நொடிக்கு நொடி அளந்து ஒப்பிட்ட பிறகு வாருங்கள். என் கணக்கு தோற்றால் அதை நானே திருத்துவேன்.