விருதா, மொய்யா?

கேள்வி: 'கைடு' இந்திப் படத்தின் பாடல்களை இத்தனை வருடம் கழித்தும் கேட்கிறார்களே, அதன் இசைக்கு என்னென்ன விருது கிடைத்தது? அதில் உங்களுக்குப் பிடித்த பாட்டு எது?
– வாசகி ஒருவர், கும்பகோணம்

பதில்: விருதா? ஏன் அம்மா, ஆறிய புண்ணைக் கிளறுகிறீர்கள்? 1967-ல் வழங்கிய ஃபிலிம்ஃபேர் விருதுகளில் சிறந்த படம், இயக்குநர், நடிகர், நடிகை எல்லாம் 'கைடு'தான். இசைக்கு மட்டும் பூஜ்யம். படத்துக்கு இசையமைத்த எஸ்.டி. பர்மன் கையை வீசிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

சிறந்த இசை, சிறந்த பாடலாசிரியர், சிறந்த பாடகர் மூன்றையும் தட்டிச் சென்றது 'சூரஜ்' என்ற இன்னொரு இந்திப் படம். அதன் 'பஹாரோ ஃபூல் பர்ஸாவோ' பாட்டை நீங்கள் கேட்டிருப்பீர்கள். வடக்கே மாப்பிள்ளை ஊர்வலத்தில் பேண்டு வாத்தியக்காரர்கள் அதை வாசிக்காமல் குதிரை நகராது. விருதுக் குழுவினர் அன்று காலை ஏதோ கல்யாணத்துக்குப் போயிருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் சந்தேகம். விருந்து பலம். ஜிலேபி சூடாக இருந்திருக்கிறது. கை கழுவிவிட்டு நேராகக் கூட்டத்துக்கு வந்தவர்கள், மூன்று விருதையும் மொய்யாக எழுதிவிட்டார்கள். தாம்பூலப் பையையும் சேர்த்துக் கொடுத்தார்களா, தெரியவில்லை.

வேடிக்கை அதோடு முடியவில்லை. பாடலுக்கு விருது வாங்கியவர் ஹஸ்ரத் ஜெய்ப்புரி. 'கைடு'க்கு முதலில் எழுத வந்து, பாதியில் மாற்றப்பட்டவரும் அவரே என்பது பம்பாய் சினிமாக்காரர்கள் அலுக்காமல் சொல்லும் கதை. அவருக்குப் பதிலாக எழுதிய சைலேந்திராவோ 1966 டிசம்பரிலேயே காலமாகிவிட்டார். சிறந்த கதைக்கான விருது, மூல நாவலை எழுதிய ஆர்.கே. நாராயணுக்கு! என் கற்பனை ஊரான மால்குடியைத் தூக்கி ராஜஸ்தானில் போட்டுவிட்டார்கள் என்று படத்தைத் திட்டிக் கட்டுரையே எழுதியவர் அவர். திட்டியவருக்கு விருது, மெட்டுப் போட்டவருக்கு வெறுங்கை. விருதுப் பட்டியலை நான் படிப்பதில்லை என்றால் சில நண்பர்கள் திமிர் என்கிறார்கள். இருக்கட்டும்.

பிடித்த பாட்டு என்றால் எல்லோரும் 'தேரே மேரே ஸப்னே' என்பார்கள். நல்ல பாட்டுதான், மறுக்கவில்லை. 'ஆஜ் ஃபிர் ஜீனே கி தமன்னா ஹை'யில் (இன்று மீண்டும் வாழ ஆசை) லதாவைப் பல்லவிக்கு முன்பே சரணத்தைப் பாட வைத்திருக்கிறார் பர்மன். முள்ளில் மாட்டிய முந்தானையை இழுத்துக்கொண்டு, கட்டை அறுத்து, கொலுசைக் கட்டிய பிறகுதான் நாயகி ரோஸிக்கு வாழும் ஆசை வருகிறது. சரியான வரிசை.

என் ஓட்டு 'மோஸே சல் கியே ஜாயே'வுக்கு. அதில் தபலா வாசித்தவர் சந்தூர் மேதை சிவகுமார் சர்மா. மேடையில் ரோஸி 'ஏமாற்றுகிறானே' என்று ஆடி முடிக்கிறாள். மூச்சு விடுவதற்குள் நாயகன் ராஜுவுக்காக ரஃபி 'க்யா ஸே க்யா ஹோ கயா' என்று எடுக்கிறார். அவள் புகாருக்கு அவன் எதிர்ப்புகார். கோர்ட்டில்கூட வாய்தா கொடுப்பார்கள், இங்கே அதுவும் இல்லை. ஒட்டிப் பிறந்த இந்த இரண்டு பாட்டையும் டெலிவிஷன்காரர்கள் வெட்டி, ஒன்றைத் திங்கட்கிழமையும் மற்றதை வியாழக்கிழமையும் போடுகிறார்கள். நடுவில் பற்பசை விளம்பரம். இவர்களுக்கும் ஒரு விருது கொடுக்கலாம்.

பர்மனே பாடிய 'வஹான் கோன் ஹை தேரா' டைட்டிலில் வருகிறது. பாப்கார்ன் வரிசையில் நின்று அதைத் தவறவிடுபவர்களோடு எனக்குப் பேச்சு கிடையாது.

அப்புறம், இந்திப் படம் பற்றி எழுதினாலே தபால் கார்டை எடுத்துவிடும் வழக்கமான அன்பர்களுக்கு: 'கைடு' நாயகி வஹீதா ரஹ்மான் செங்கல்பட்டில் பிறந்தவர், தெரியும். 'சூரஜ்' நாயகி வைஜயந்திமாலா, அதுவும் தெரியும்.