பேரப்பிள்ளை எடுக்கிற வயதில் முழுகாமல் இருக்கிறேன், என்ன செய்வது?

கேள்வி: டொக்டரம்மா, எனக்கு 42 வயது. பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்தெடுக்கிறேன். மகளுக்கு 20 வயது, கட்டிக்கொடுத்து கொழும்பில் இருக்கிறாள். மகன் இந்த வருடம் சாதாரண தரம் எழுதுகிறான். மூன்று மாதமாக எனக்கு மாதவிடாய் வரவில்லை. அந்த வயது வந்துவிட்டது, நின்றுவிட்டது என்றுதான் இருந்தேன். வயிற்றைப் பிரட்டிக்கொண்டே இருந்ததால் டவுனில் டெஸ்ட் வாங்கிப் பார்த்தேன். இரண்டு கோடு விழுந்தது. வீட்டுக்காரருக்கு மட்டும்தான் தெரியும். லயத்தில் தெரிந்தால் சிரிப்பார்கள். மகன் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருக்கிறது. வயிறு தெரிகிற வரைக்கும் மிட்வைஃபிடம் சொல்லாமல் இருந்துவிடலாமா? இந்த வயதில் பெற்றால் பிள்ளை ஊனமாகப் பிறக்கும் என்கிறார்களே? என் உயிருக்கு ஆபத்தா? மலைக்குப் போகலாமா? ஒரு ஃபார்மசியில் கலைக்கிற குளிசை கிடைக்கும் என்று வீட்டுக்காரர் கேள்விப்பட்டு வந்திருக்கிறார். என்ன செய்வதென்று தெரியவில்லை.

பதில்: இந்த வாரமே மிட்வைஃபைப் பாருங்கள், தங்கச்சி. நான் எழுதுகிற மிச்சத்தை அதற்கப்புறம் வாசித்தாலும் பரவாயில்லை.

உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது 42 என்ற வயது அல்ல. ‘வயிறு தெரிகிற வரைக்கும் சொல்லாமல் இருந்துவிடலாமா’ என்று கேட்டிருக்கிறீர்களே, அதுதான். 40 தாண்டிய கர்ப்பத்தில் வரக்கூடிய பிரஷர், சீனி வருத்தம், இரத்தக்குறைவு போன்றவை நேரத்தோடு கண்டுபிடித்தால் சமாளிக்கக் கூடியவை. ஆனால் சில பரிசோதனைகளுக்கும் மருந்துகளுக்கும் காலக்கெடு உண்டு. நீங்கள் இப்போது நிற்பது சரியாக அந்தக் கெடு முடிகிற இடத்தில். வெட்கப்பட்டு ஐந்தாம் மாதம் வரை துப்பட்டிக்குள் மறைத்தால் அவை கைவிட்டுப் போகும்.

முதலாவது, நாள் கணக்கு. 40க்கு மேல் மாதவிடாய் தாறுமாறாக வருவது சகஜம். அதனால்தான் நின்றுவிட்டது என்று நினைத்தீர்கள். இந்த ஏமாற்றம் நிறையப் பேருக்கு நடக்கிறது. தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்று சொல்வோம். அதுவரை இடையிடையே முட்டை வெளிவரும், பிள்ளையும் தங்கும். உங்களுக்கு இது மூன்றாம் மாதமா, நான்காம் மாதமா என்று கையால் தொட்டுச் சொல்ல முடியாது. 14 வாரத்துக்குள் ஸ்கேன் எடுத்தால் சில நாள் வித்தியாசத்துக்குள் சொல்லிவிடலாம். பிந்தப் பிந்த அந்தக் கணக்கு தளர்ந்துபோகும். ‘எப்போது பிறந்தால் என்ன’ என்று நினைக்காதீர்கள். 40 வயது தாண்டிய தாயின் வயிற்றில் பிள்ளை நாள் கடந்து இருப்பது நல்லதல்ல. கடைசி வாரங்களில் வயிற்றிலேயே பிள்ளை தவறிப்போகும் அபாயம் இளம் தாய்மாரைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. எண்ணாகப் பார்த்தால் அது இன்னும் சிறியதுதான்: 39, 40ஆம் வாரத்தில் ஆயிரத்துக்கு ஒன்று என்பது ஆயிரத்துக்கு இரண்டு ஆகிறது. ஆனாலும் அதற்காகவே பல இடங்களில் 39க்கும் 40க்கும் இடையில் வலி வரவழைத்துப் பிள்ளையை எடுப்பதைப் பற்றித் தாயிடம் பேசுவார்கள். நாள் சரியாகத் தெரியாவிட்டால் அந்த முடிவை எப்படி எடுப்பது?

இரண்டாவது, அஸ்பிரின். தலையிடிக்குப் போடுகிற பெரிய குளிசை அல்ல, சிறிய அளவு. கர்ப்பத்தில் பிரஷர் ஏறி, சிறுநீரில் புரதம் போய், சிலருக்கு வலிப்பு வரை கொண்டுபோகிற ஒரு நிலை இருக்கிறது. வயது 40 தாண்டியிருப்பது அதற்கு ஒரு காரணம். முந்தைய பிரசவம் நடந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருப்பது இன்னொரு காரணம். உங்களுக்கு இரண்டும் இருக்கின்றன. இப்படிப்பட்டவர்களுக்கு 12ஆம் வாரத்திலிருந்து சிறிய அளவு அஸ்பிரின் கொடுத்தால் அந்த ஆபத்து குறைகிறது. 16ஆம் வாரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். நீங்களாக வாங்கிப் போடவேண்டாம். கிளினிக்கில், ‘எனக்கு 42, கடைசிப் பிள்ளைக்கு 16, அஸ்பிரின் தேவையா?’ என்று வாய் திறந்து கேளுங்கள். கூட்ட நெரிசலில் ஒருவேளை விட்டுப்போனாலும் உங்கள் கேள்வி ஞாபகப்படுத்தும்.

சீனிப் பரிசோதனையை முதல் கிளினிக்கிலேயே செய்வார்கள். அது சரியாக இருந்தாலும் 24க்கும் 28க்கும் இடைப்பட்ட வாரங்களில் மறுபடி குளுக்கோஸ் குடிக்கக் கொடுத்துப் பார்ப்பார்கள். முதல் தடவை நன்றாக இருந்ததே என்று இரண்டாவதைத் தவற விடாதீர்கள். காலையில் ரொட்டியும் சம்பலும், பகலுக்கு மறுபடி ரொட்டி, இரவுக்கு மலைபோலச் சோறு, நாளுக்கு நாலு தடவை சீனி போட்ட தேத்தண்ணீர் என்றால் இந்த வயதில் உடம்பு திணறும். பருப்பு, முட்டை, நெத்தலி, கீரை கொஞ்சம் கூடட்டும், மா கொஞ்சம் குறையட்டும். கிளினிக்கில் திரிபோஷா சத்துமா கொடுத்தால் அது உங்களுக்கு. வீட்டில் எல்லோருக்கும் உருண்டை பிடித்துப் பங்கு வைக்கிற வழக்கம் எனக்குத் தெரியும்.

தேத்தண்ணீர் என்றதும் இதையும் சொல்லவேண்டும். இரும்புச் சத்துக் குளிசையைத் தேத்தண்ணீரோடு விழுங்கினால் சாயம் அந்தச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் சேராது. குளிசைக்கு முன்னும் பின்னும் குறைந்தது ஒரு மணி நேரமாவது தேத்தண்ணீர் வேண்டாம். கல்சியம் குளிசையையும் அதோடு சேர்த்துப் போடாமல் வேறு நேரத்தில் போடுங்கள். தேயிலைத் தோட்டத்தில் இருந்துகொண்டு இது கஷ்டம்தான், ஆனால் இரத்தக்குறைவோடு பிரசவத்துக்குப் போனால், வயது கூடிய தாய்மாருக்கு அதிகம் வரக்கூடிய இரத்தப்போக்கை உடம்பு தாங்காது. வெற்றிலை போடுகிறவர் என்றால் புகையிலையை இன்றோடு நிறுத்துங்கள். அதுவும் பிள்ளையின் நிறையைக் குறைக்கும்.

சரி, பிள்ளை ஊனமாகப் பிறக்குமா? தாயின் வயது ஏற ஏற, பிள்ளையின் அறிவு வளர்ச்சி பிந்துகிற டவுன் சின்ட்ரோம் என்ற பிறவிக் குறை வருகிற வாய்ப்பு கூடும் என்பது உண்மை. 30 வயதில் ஏறத்தாழ 900 பிள்ளைகளுக்கு ஒன்று, 40இல் 100க்கு ஒன்று, உங்கள் வயதில் கிட்டத்தட்ட 65க்கு ஒன்று. இதையே திருப்பிப் பாருங்கள்: உங்கள் வயதில் முழுகாமல் இருக்கிற 65 பேரில் 64 பேருக்கு அந்தக் குறை இல்லை. லயத்தில் பேசுகிறவர்கள் அந்த 64 பேரைப் பற்றிச் சொல்லமாட்டார்கள். 11 முதல் 14 வாரத்துக்குள் ஒரு விசேட ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் செய்து வாய்ப்பு எவ்வளவு என்று கணிக்கலாம். தாயின் இரத்தத்திலிருந்தே பிள்ளையின் மரபணுவைப் பார்க்கிற புதிய பரிசோதனையும் உண்டு, ஆனால் அதற்குச் செலவு அதிகம். இந்த நாட்டுச் சட்டப்படி தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்கு மட்டுமே கருக்கலைப்புச் செய்யலாம். பிள்ளைக்குக் குறை இருக்கிறது என்பதற்காகச் செய்ய முடியாது. ஆகவே பணம் கட்டுவதற்கு முன் நீங்களும் வீட்டுக்காரரும், ‘முடிவு தெரிந்தால் நாம் என்ன செய்வோம்?’ என்று பேசிக்கொள்ளுங்கள். மனதைத் தயார்ப்படுத்த உதவும் என்றால் செய்யலாம். தேவையில்லை என்றால் கடன்பட்டுச் செய்ய வேண்டியதில்லை. 20 வாரமளவில் எடுக்கிற ஸ்கேனை மட்டும் விடாதீர்கள். இதயத்தில் குறை இருந்தால் எந்த வைத்தியசாலையில் பெறுவது என்று முன்பே முடிவெடுக்கலாம்.

இந்த வயதில் கருச்சிதைவும் கூடுதல், மூன்றில் ஒன்று என்ற அளவுக்கு. அதில் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்திலேயே நடந்துவிடும். அதைத் தாண்டி ஸ்கேனில் இதயத்துடிப்பு தெரிந்தால் அந்தப் பயம் வெகுவாகக் குறைந்துவிடும். ஒருவேளை நடந்தாலும் கூடை தூக்கியதால், மலை ஏறியதால் என்று உங்களை நீங்களே குற்றம் சொல்லாதீர்கள். பெரும்பாலும் கரு உருவான கணத்திலேயே அது தீர்மானமாகி இருக்கும்.

குளிசை விஷயம். உங்களுக்கும் வீட்டுக்காரருக்கும் அந்த யோசனை வந்ததற்காக நான் கோபிக்கவில்லை. இந்தக் கடிதத்தை எழுதுகிற நிலையில் யாருக்கும் வரும். ஆனால் எத்தனை மாதம் என்று தெரியாமல், கரு கருப்பையில்தான் இருக்கிறதா என்றும் பார்க்காமல், பெயர் எழுதாத கடதாசியில் சுற்றித் தருகிற குளிசையை லயத்துக் காம்பராவில் வைத்துப் போடுவது வேறு. இரவில் இரத்தம் கொட்டத் தொடங்கினால் உங்கள் தோட்டத்திலிருந்து ரோட்டுக்கு வரவே எவ்வளவு நேரமாகும் என்று உங்களுக்குத் தெரியும். தயவுசெய்து வேண்டாம். இதை வாசிக்கும் முன்பே போட்டுவிட்டு இரத்தம் போகிறது, காய்ச்சலடிக்கிறது என்றால் வீட்டில் படுத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் உள்ளதைச் சொல்லுங்கள், சிகிச்சை தருவார்கள்.

மலைக்குப் போகலாம், இப்போதைக்கு. வருத்தம் எதுவும் இல்லாத கர்ப்பிணி நடப்பதும் அளவாக வேலை செய்வதும் நல்லதுதான். செங்குத்தான மலையில் நிறைந்த கொழுந்துப் பையைத் தலையில் மாட்டிக்கொண்டு இறங்குவது, மழையில் வழுக்குகிற பாதை, மருந்து அடிக்கிற மலை, இவை வேண்டாம். கிளினிக் டொக்டரிடம் கடிதம் வாங்கிக் கொடுத்து இலேசான வேலை கேளுங்கள். அப்புறம், மலையில் கழிவறை இல்லை என்று காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் சிறுநீரை அடக்குகிறீர்கள் அல்லவா? கர்ப்ப காலத்தில் அது கிருமித் தொற்றில் முடியும், அந்தத் தொற்று குறைமாதப் பிரசவத்தில் கொண்டுபோய் விடலாம். இரண்டு பேராகச் சேர்ந்து ஒதுங்க ஒரு இடம் பார்த்துக்கொள்ளுங்கள். இதையெல்லாம் தோட்டம் செய்து தரவேண்டும் என்பது வேறு கதை, அதைச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது.

பிரசவம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேண்டாம். முதல் இரண்டும் சுகமாகப் பிறந்திருந்தால் நல்லதுதான், ஆனாலும் மகப்பேற்று நிபுணரும் சத்திரசிகிச்சைக் கூடமும் இரத்த வங்கியும் உள்ள பெரிய வைத்தியசாலைதான் உங்களுக்கு. டிக்கோயாவா, நுவரெலியாவா என்று கிளினிக்கில் எழுதித் தருவார்கள். மழைக்காலத்தில் மண்சரிந்து ரோடு மூடுகிற பகுதி உங்களுடையது. குறித்த நாள் அந்த மாதங்களில் விழுந்தால் சில நாள் முன்பே போய் வார்டில் சேர்வதைப் பற்றிக் கேளுங்கள். கடுமையான தலையிடி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகம் வீங்குதல், இரத்தம் அல்லது தண்ணீர் போதல், பிள்ளையின் அசைவு குறைதல், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல், மூச்சு வாங்குதல், இவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

மகனைப் பற்றி. யாரோ பீலிக்கரையில் சொல்லி அவன் கேள்விப்படுவதற்கு முன் நீங்களே சொல்லுங்கள். 16 வயதுப் பையன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பான், அவ்வளவுதான். மகளிடம் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள், பிரசவத்துக்குத் துணை வேண்டுமே. ஊர் சிரிப்பதைப் பற்றி வைத்தியம் எதுவும் எனக்குத் தெரியாது. ஒரு மாதம் சிரிப்பார்கள், அப்புறம் வேறு வீட்டில் வேறு கதை கிடைக்கும்.

இன்னொன்றும் உங்களுக்குப் பயன்படும். முன்பு இரண்டு பிள்ளைகள் இருக்கிறவர்களுக்கு அடுத்த பிரசவத்துக்கு 42 நாள் லீவுதான். 2018இல் சட்டத்தைத் திருத்தியபின் மூன்றாம் பிள்ளைக்கும் 84 நாள் சம்பளத்தோடு உண்டு. பழைய கணக்கைச் சொல்லி ஆபீசில் அனுப்பினால் விடாமல் கேளுங்கள். கிளினிக்குக்குப் போகும்போது முந்தைய பிரசவங்களின் அட்டைகள் ட்ரங்குப் பெட்டிக்குள் இருந்தால் தேடி எடுத்துக்கொண்டு போங்கள். நான்காவது வேண்டாம் என்றால் என்ன வழி என்பதையும் இப்போதே மிட்வைஃபிடம் பேசி வையுங்கள், பிரசவ வார்டிலிருந்து வருவதற்கு முன்பே செய்யக்கூடிய வழிகள் இருக்கின்றன.